டெசிரே பார்த்த வரிசை

டெசிரே ரேமோந்தைப் பார்த்துத் 'திருடி' என்று கத்திய செய்தி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒமேர் அதைப் புறாப் பந்தயச் சங்கத்தில் வைத்துக் கேட்டான். முதலில் நம்பவில்லை. டெசிரே சுரங்கத்தில் கரி வெட்டியே நரைத்தவர், நுரையீரலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். பெண்டாட்டி போன பிறகு ரேமோந்தின் கஃபேயை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. ரேமோந்தின் புருஷன் செத்தபோது சவப்பெட்டியின் ஒரு முனையைத் தோளில் தாங்கியவர் அவர். அந்த மனிதரா அவளைத் திருடி என்றார்?

சொல்லித்தான் இருக்கிறார். காரணம், கஃபேயின் மூலையில் கரியடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் பிங்கோ மெஷின்.

அந்த மெஷினை ஒமேருக்குத் தன் வீட்டு அடுக்களையைவிட நன்றாகத் தெரியும். சார்லரோவா நகரத்தைச் சுற்றியுள்ள கஃபேக்களில் நிற்கும் பிங்கோக்கள் எதுவானாலும் பழுதென்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சாய்வான கண்ணாடி மேசை. கண்ணாடிக்குக் கீழே எண் போட்ட குழிகள். காசு போட்டால் ஐந்து எஃகுக் குண்டுகள் வரும், ஒவ்வொன்றாகத் தட்டிவிட வேண்டும். குண்டு விழுந்த குழியின் எண் எதிரே உள்ள பலகையில் எரியும். எரிகிற எண்கள் ஒரே வரிசையில் அமைந்துவிட்டால் ஜெயிப்பு. பொத்தானை அழுத்த வேண்டியதுதான், பலகைக்குப் பின்னால் ஒரு தட்டு சுற்றிச் சுற்றி அந்த வரிசையைத் தேடும். கண்டுபிடித்ததும் ரிலே என்கிற மின்காந்த விசை ஒன்று இழுக்கும், ஜெயித்த கணக்கைக் காட்டும் கவுண்டர் டக் டக்கென்று ஏறும். கவுண்டர் காட்டுவதை ரேமோந்த் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அது காட்டாததை ஆண்டவரே இறங்கி வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டாள். எந்தக் கஃபேயிலும் அதுதான் சட்டம். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டெசிரேவுக்கு ஐந்தும் ஒரே வரிசையில் விழுந்தன. அது வாழ்நாளில் ஒரு தடவை வாய்த்தாலே பெரிய விஷயம். அவர் பொத்தானை அழுத்தினார். தட்டு சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, ஒன்றையும் கண்டுபிடிக்காமல் நின்றுபோனது. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அப்படியே. அந்த நேரத்தில் கூடத்தில் வேறு யாரும் இல்லை, கல்லாவிலும் ஆளில்லை, ரேமோந்த் பீர்ப் பீப்பாய் மாற்ற நிலவறைக்குப் போயிருந்தாள். கிழவர் அவளைக் கூப்பிடப் படியிறங்கி ஓடினார்.

அங்கேதான் சனியன் பிடித்தது. ஆட்டத்தை நடுவில் விட்டுப் போகிறவன் தன் தொப்பியைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் போகவேண்டும். தொப்பி இருந்தால் மெஷின் அவனுடையது, எவனும் கிட்டே வரமாட்டான். எத்தனையோ வருஷமாகத் தொப்பி வைத்துப் பழகிய டெசிரே, அன்றைக்குப் பதற்றத்தில் அதைத் தலையிலேயே வைத்துக்கொண்டு ஓடிவிட்டார். அங்கே வாடிக்கையாக வரும் என்ஸோ கழிவறையிலிருந்து வந்தவன், கண்ணாடி மேல் தொப்பி இல்லையே என்று ஒரு காசைப் போட்டான். குண்டுகள் கடகடவென்று உள்ளே விழுந்தன, விளக்குகள் அணைந்தன. ரேமோந்த் மேலே வந்து பார்த்தபோது என்ஸோவின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சும் எரிஞ்சுதாடா?" என்று அவள் என்ஸோவைக் கேட்டிருக்கிறாள்.

"நான் எங்கக்கா பாத்தேன்? அஞ்சு எரிஞ்சிருந்தா மெஷின் சும்மா இருக்குமா?"

அவன் கேட்டதும் நியாயம்தான். அப்புறம் நடந்தது எல்லாமே அநியாயம். கிழவர் மேசையைக் குத்தினார், திருடி என்றார், மெஷினுக்குள் என்னவோ செய்து வைத்திருக்கிறாய் என்றார். ரேமோந்த் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மெஷின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டாள். கிழவரின் மகள் ஜோஸ்லீனுக்குப் போன் செய்தாள்.

ஜோஸ்லீன் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையில் திட்டுவதற்கு ஒரு ஆளாவது கிடைத்திருக்கும். அப்பா கேஸ் அடுப்பை அணைக்காமல் வெளியே போனதை அவள் பார்த்திருக்கிறாள். தன்னைச் செத்துப்போன அம்மாவின் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதையும் கேட்டிருக்கிறாள். ஆற்றங்கரையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அவருக்கு ஒரு கட்டிலும் சொல்லி வைத்திருந்தாள். கிழவர்தான் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். இப்போது இல்லாத வரிசையைப் பார்த்தேன் என்கிறார், முப்பது வருஷ சிநேகிதியைத் திருடி என்கிறார். இதற்கு மேல் வேறென்ன வேண்டும்?

திங்கட்கிழமை ஒமேர் கஃபேக்குப் போனபோது அப்பாவும் மகளும் அங்கேதான் இருந்தார்கள்.

"வா மகனே," என்றார் டெசிரே. எங்கள் ஊரில் வயதானவர்களுக்கு எல்லோரும் மகன்தான். "உன்னைத்தான் தேடினேன். நீ குண்டுகளைக் கையால அந்தக் குழியில வை. எண்ணை நான் சொல்றேன். மெஷின் காட்டலைன்னா என் கண்ணு சரி, என் மண்டை சரி. அதுக்கப்புறம் இவ அந்த இல்லத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. காட்டிருச்சுன்னா, நானே என் பெட்டியைக் கட்டறேன்."

"அப்பா, இதென்ன சூதாட்டமா?" என்றாள் ஜோஸ்லீன்.

"ஆமா. வாழ்க்கை பூராவும் சூதாடினவன்தானே நான். ஒரு தடவை உனக்காகவும் ஆடறேன்."

ஜோஸ்லீன் ஒமேரைப் பார்த்தாள். அவன் என்ன சொல்வான்? குண்டுகளைக் கையால் குழியில் வைத்துப் பார்ப்பது அவன் தினமும் செய்கிற வேலை. பழுது பார்க்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சோதிப்பார்கள். அதில் பொய்க்கு இடமில்லை என்று அவன் நம்பினான்.

"ஆனா ஒண்ணு," என்றார் கிழவர். "அதுக்கு முன்னாடி நீ எதையும் தொடக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரைப் பையிலேயே வை."

"தொடமாட்டேன் பெரியவரே. சத்தியமா."

மறுநாள் காலை பத்து மணிக்கே கஃபே நிரம்பிவிட்டது. அடுப்பை அப்போதுதான் மூட்டியிருந்தார்கள். பேசுகிறவர்கள் வாயிலிருந்து புகை வந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார்கள். என்ஸோ மட்டும் கதவோரமாக, எப்போது வேண்டுமானாலும் நழுவிவிடலாம் என்பதுபோல நின்றான். ஒமேர் பிளக்கை மாட்டி, மேல் கண்ணாடியை இழுத்து எடுத்தான்.

"சொல்லுங்க."

"நாலு. பன்னெண்டு. பத்தொம்பது. ஏழு. கடைசியா இருபத்திரெண்டு." கிழவர் ஒரு எண்ணிலும் தடுமாறவில்லை. ஜோஸ்லீன் அதைக் கவனித்தாள். ஒமேரும் கவனித்தான், அவனுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. இந்த மனிதருக்கு மண்டை குழம்பியிருக்கிறதாம், யாரிடம் கதை விடுகிறார்கள்!

குண்டுகளை வைத்தான். ஐந்து எண்களும் ஒரே வரிசையில் எரிந்தன. டெசிரே விரலை நீட்டி, "இதான். இதேதான்," என்றார். பொத்தானை அவரே அழுத்தினார்.

தட்டு ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை. ரிலே பட்டென்று இழுத்தது. கவுண்டர் ஏற ஆரம்பித்தது. டக், டக், டக் என்று அது ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு பெரிய ஜெயிப்பு ஏறி முடிக்க நேரமெடுக்கும். ரேமோந்த் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கிளாஸை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு தடவை," என்றார் டெசிரே.

இன்னொரு தடவையும் காட்டியது. மூன்றாம் தடவையும் காட்டியது. மெஷின் கல்லுப் போல நின்றது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "கிழவருக்கு பீரை கொறைச்சு ஊத்து ரேமோந்த்," என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை ஒமேர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

டெசிரே பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்களைத் தேய்த்தார். பிறகு ரேமோந்திடம் போய், "மன்னிச்சுக்கோ ரேமோந்த். நான் பாத்தேன்னுதான் நெனைச்சேன்," என்றார்.

"விடுங்க டெசிரே. அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க."

"இல்லம்மா. பெட்டி கட்டணும்."

வெளியே போகும்போது ஜோஸ்லீன்தான் அழுதாள். ஜெயித்தவள் அவள். பந்தயத்தில் சொன்ன வார்த்தையை அப்பா காப்பாற்றுவார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வார இறுதியிலேயே டெசிரே இல்லத்துக்குப் போய்விட்டார். வீட்டைப் பூட்டிய சாவியை ஜோஸ்லீன் வாங்கிக்கொண்டாள்.

ஒமேருக்கு மனசு சரியில்லைதான். ஆனால் தன் வேலையில் தப்பில்லை என்றுதான் நினைத்தான். எதையும் தொடவில்லை, எல்லோர் முன்னிலையிலும் செய்தான். நேர்மையாகச் செய்த காரியம் கெட்டதாக முடிந்தால் அதற்கு யார் பொறுப்பு? அப்படிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டான். அது தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் திருவிழா வரைக்கும்தான் தாங்கியது.

கார்னிவல் அன்றைக்கு மத்தியானம் ரேமோந்த் போன் செய்தாள். மெஷினில் குண்டைத் தூக்கிவிடும் கம்பி சிக்கிக்கொண்டதாம். ஒமேர் போனபோது தெருவில் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. ஊர்வலக்காரர்கள் வழக்கமாக எறியும் ஆரஞ்சுப் பழங்களுக்குப் பயந்து ரேமோந்த் ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்திருந்தாள். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வெளியே போயிருந்தார்கள். அவளும் ஜன்னலோடு ஒட்டி நின்றிருந்தாள். அடுப்பு செக்கச்செவேலென்று எரிந்தது. மெஷின் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடியிருந்தது.

கம்பி சின்ன வேலைதான், நிமிர்த்திவிட்டான். கிளம்புமுன் வழக்கம்போல ஐந்து குண்டுகளைக் கைக்கு வந்த ஒரு வரிசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். தட்டு சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றது. கவுண்டர் அசையவில்லை.

பின்கதவைத் திறந்து, மறுபடி அழுத்திவிட்டு உள்ளே பார்த்தான். ரிலே இழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. முழுசாக இழுபடாமல் பாதியிலேயே நின்று, வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. ரிலேயின் கம்பிச் சுருளான காயிலைத் தொட்டான், விரல் சுட்டது. சூடேறின காயிலுக்கு இழுவை குறையும். ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் போதும், அதோடு மல்லுக்கட்ட அதனால் முடியாது. ஆறினால் மறுபடி பட்டென்று இழுக்கும். இதெல்லாம் ஒமேருக்குப் புதுசில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் புதுசில்லை.

அவன் கை தானாகப் பைக்குள் போனது. குறடால் ஸ்பிரிங்கை ஒரு மயிரிழை தளர்த்தினான். மின்சாரம் பாயும் காண்டாக்ட் முனையில் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்தான். பொத்தானை அழுத்தினான். பட்! கவுண்டர் டக் டக்கென்று ஏறியது. வேலை முடிந்த திருப்தியில் குறடைத் துடைத்தான்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. டெசிரே ஆடிய சனிக்கிழமை சாயங்காலம் மெஷின் நாள் முழுக்க ஓடிச் சூடாக இருந்தது. அவன் சோதித்தது மூன்று நாள் பிளக் பிடுங்கிக் கிடந்த மெஷினை, வாயில் புகை வருகிற குளிரில். அது மூன்று தடவை என்ன, முந்நூறு தடவைகூடக் காட்டியிருக்கும்.

கிழவர் பார்த்தது நிஜம்.

"ரேமோந்த்!" என்று கத்தினான். "வா, இங்க வா! இது காட்டலை. இப்ப காட்டலை!"

அவள் ஜன்னலை விட்டு வந்தாள். "காட்டுதேடா. ஏறுற சத்தம் கேட்டுதே."

"அது இப்ப. அதுக்கு முன்னாடி காட்டலை. சூட்டுல ரிலே இழுக்கலை. டெசிரே சொன்னது சரி."

ரேமோந்த் மெஷினைப் பார்த்தாள், அப்புறம் அவன் கையில் இருந்த குறடைப் பார்த்தாள். "நீ என்ன பண்ணினே?"

பழுதைக் கண்டதும் சரிசெய்யாமல் இருக்க அவன் கைக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷமாக அந்தக் கைக்கு அவன் கற்றுக்கொடுத்த ஒரே புத்தி அது. ஒரு கிழவரின் மானம் முழுக்க அந்த ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவனே அறுத்துப் போட்டுவிட்டான்.

அடுப்பில் மேலும் கரி போட்டார்கள். மெஷினை ஓடவிட்டு ஊர்வலம் முடிகிற வரைக்கும் காத்திருந்தார்கள். காயில் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. ஒமேர் வரிசை வரிசையாகக் குண்டுகளை வைத்தான். ஒவ்வொரு தடவையும் மெஷின் காட்டியது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எதையும் ரிப்பேர் செய்ததே இல்லை.

"நீ சொன்னா நான் நம்பறேன்," என்றாள் ரேமோந்த், அவன் முகத்தைப் பார்க்காமல். "போய் அவங்ககிட்ட சொல்லு. என்னால முடியாது."

மறுநாள் ஜோஸ்லீன் வாசலிலேயே நின்று கேட்டாள். கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கும் கத்தியும். ஒமேர் காயிலைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசவில்லை.

"அப்போ கேஸை அணைக்காம விட்டதும் உன் ரிலேதானா?" என்றாள்.

"நான் அதைச் சொல்ல வரலைம்மா."

"தெரியும். கோவத்துல கேட்டுட்டேன்." கத்தியை இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் துடைத்தாள். "அங்க போனதுலேருந்து அவர் அவரா இல்ல ஒமேர். எதுக்கெடுத்தாலும் யாரையாவது கேக்கறார். நான் பண்ணினது சரியா தப்பான்னு எனக்கே தெரியலை. நீ போய்ச் சொல்லு. அவர் நம்பி, வீட்டுக்கு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நானே காரை எடுத்துட்டு வரேன். வீடு அப்படியேதான் இருக்கு. கேஸ் அடுப்பை எடுத்துட்டு கரண்டு அடுப்பு வெச்சுடறேன்."

ஒமேர் அன்று மத்தியானமே பஸ் பிடித்தான். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். மனசுக்குள் நம்பிக்கை ஊறிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல செய்தி ஒரு மனுஷனுக்கு என்ன இருக்க முடியும்? உன் கண் சரி, உன் மண்டை சரி, எழுந்து வீட்டுக்கு வா.

டெசிரே கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். யாரோ அவருக்கு நன்றாகச் சவரம் செய்துவிட்டிருந்தார்கள்; அதனாலேயே முகம் இளைத்துத் தெரிந்தது. வெளியே மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

"ஒமேரா?" என்றார்.

"ஒமேர்தான் பெரியவரே."

"மழையா பெய்யுது?"

"ஆமா, நல்ல மழை."

"சரி. கேட்டு வெச்சுக்கறது நல்லது." பக்கத்தில் போன கன்னியரை நிறுத்தி, "சிஸ்டர், நான் சூப் குடிச்சேனா?" என்றார்.

"குடிச்சீங்க."

"குடிச்சேன்," என்று ஒமேரிடம் சொன்னார். அதில் கிண்டல் ஒன்றும் இல்லை.

ஒமேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது, கொட்டித் தீர்த்தான். கார்னிவல், அடுப்பு, சூடு, பாதியில் நின்ற ரிலே. அன்றைக்குக் குளிர்ந்த மெஷினைச் சோதித்தது தன் தப்பு. அஞ்சும் வரிசையில் எரிந்தது நிஜம். "உங்க கண்ணு பொய் சொல்லலை. நீங்க பாத்தது பாத்ததுதான். ஜோஸ்லீன்கூட சொல்லிட்டா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கூட்டிட்டுப் போக வரா."

டெசிரே தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"மூணு தடவை காட்டுச்சே மகனே. நானே பாத்தேனே."

"அப்போ அது ஆறியிருந்துது."

"சரி. சூடு பண்ணிக் காட்டு. நான் வரேன்."

ஒமேர் தரையைப் பார்த்தான். "சரி பண்ணிட்டேன்," என்றான்.

"எதை?"

"ரிலேயை. கை தானாப் போயிருச்சு. இப்போ சூட்டுலயும் காட்டுது."

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பழையபடி வளைச்சு வெக்கறேன்," என்றான் ஒமேர் அவசரமாக. "அதே ஸ்பிரிங்தான். அதே மாதிரி விறைப்பா வளைச்சுடலாம். நீங்க வாங்க, உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன்."

"நீ வளைச்சா, நீ வளைச்சபடிதானே காட்டும்." டெசிரே அவன் முழங்காலில் தட்டிக்கொடுத்தார். "அன்னிக்கு நீ எதையும் தொடலை. அதனால நம்பினேன். இப்போ தொட்டுட்டே. ஜோஸ்லீன் அனுப்பினாளா? இல்ல நீயா யோசிச்சியா? எதுவானாலும் நல்ல மனசு உனக்கு. ஆனா வேண்டாம் மகனே. நான் அங்க போயி, மறுபடி எதையாவது பாத்துட்டு, யாரையாவது திருடின்னு சொல்லவா?"

"நான் பொய் சொல்லலை பெரியவரே. அம்மா மேல சத்தியம்."

"பொய்னு சொல்லலையே. எனக்காக நீயும் இல்லாததைப் பாத்திருக்கே, அவ்வளவுதான்."

ஒமேர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. நாற்காலிகளில் இருந்த கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டெசிரே குனிந்து, அவன் விரல்களுக்கு நடுவே தெரிந்த முகத்தைக் கவலையோடு உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கன்னியரைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இந்தப் பையன் அழறானா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."